விளக்கணைந்த பனிக்காலம்

மாணவச் செல்வங்களே, வரலாறு என்றவுடன் உங்கள் மனக்கண்முன் முடிமன்னரும், போர்க்களமும், உடன்படிக்கைகளும் வரிசையாக வந்து நிற்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றுப் பாடம் நடத்திய நானும் பெரும்பாலும் அவற்றையே கரும்பலகையில் எழுதி வந்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குப் பாடஞ் சொன்ன பேராசிரியர் ஒருவர், "வரலாற்றை அரண்மனை வாயிலில் தொடங்குவதுபோல் அடுப்பங்கரையிலும் தொடங்கலாம், இரண்டிலிருந்தும் ஒரே ஊருக்குத்தான் போய்ச் சேருவோம்" என்பார். அவர் சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. இன்று அவர் காட்டிய வழியிலேயே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். நாம் நுழையப் போவது 1947ஆம் ஆண்டுப் பிப்ரவரி மாதத்தில், இலண்டன் மாநகரில், ஓர் எளிய குடும்பத்தின் வீட்டுக்குள்.

காலை மணி ஒன்பது. வெளியே முழங்கால் அளவுக்குப் பனி. தெருவில் வண்டி ஓட்டம் அடங்கிவிட்டது. இல்லத்தரசி கடிகாரத்தைப் பார்க்கிறாள். சுவரருகே சென்று மின்விசையை அணைக்கிறாள். விளக்கு அணைகிறது, மின்கணப்பின் செந்நிறக் கம்பி மெல்லக் கறுத்து அடங்குகிறது. இனி நண்பகல் 12 மணிவரை அந்த வீட்டில் மின்சாரம் கிடையாது. 12 மணிக்குப் போட்டுக்கொள்ளலாம். மீண்டும் 2 மணிக்கு அணைத்து 4 மணிவரை பொறுத்திருக்க வேண்டும். ஆக நாள்தோறும் ஐந்து மணி நேரம். போரில் வெற்றி பெற்று இரண்டாண்டுகளும் நிறையாத ஒரு நாடு, உலகின் மிகப் பெரிய பேரரசின் தலைநகரம், மெழுகுவத்தியின் துணையை நாடி நின்ற காட்சி இது.

இந்நிலை எவ்வாறு வந்தது? "பனி பெய்தது, ஆகவே மின்சாரம் நின்றது" என்று விடை எழுதினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். நானே பல்லாண்டுகள் மாணவருக்கு அந்தப் பாதி விடையைத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியையும் இப்போது பார்ப்போம்.

முதலில் பனியைக் கூறிவிடுகிறேன். அவ்வாண்டு ஜனவரி நடுவில் குளிர் சற்றுத் தணிந்தே இருந்தது. அம்மாதத்தின் மூன்றாம் வாரம் கழிந்ததும் கிழக்கிலிருந்து வாடை வீசத் தொடங்கிற்று. ஜனவரி 22 முதல் மார்ச் 17 வரை, அந்நாட்டின் ஏதேனும் ஒரு பகுதியில் பனி பெய்யாத நாளே இல்லை. இலண்டனை அடுத்த கியூ வானிலை ஆய்வகத்தில் பிப்ரவரி 2 முதல் 22 வரை ஒரு கணமேனும் வெயில் பதிவாகவில்லை. பிப்ரவரி 25ஆம் நாள் பெட்பர்ட்ஷையரைச் சேர்ந்த வோபர்ன் என்னுமிடத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 21 பாகை செல்சியஸ் வரை இறங்கியது. நம் ஊரில் மார்கழி வைகறையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளும் நமக்கு அந்தக் குளிரை மனத்தில் கொண்டுவருவதும் அரிது.

ஆயினும் குளிர் அந்நாட்டாருக்குப் புதியதன்று. குளிரை எதிர்க்க அவர்கள் நம்பியிருந்த படைக்கலம் நிலக்கரி. வீட்டுக் கணப்பில் எரிவது நிலக்கரி. புகைவண்டியை இழுப்பது நிலக்கரி. ஆலைகளை ஓட்டுவது நிலக்கரி. சமையலுக்குக் குழாய்வழி வந்த எரிவாயுவும் அக்காலத்தில் நிலக்கரியிலிருந்தே எடுக்கப்பட்டது. மின்சாரமும் நிலக்கரியின் குழந்தையே. நம் நாட்டில் நீலகிரிப் பைக்காரா போன்ற இடங்களில் அருவி நீரின் ஆற்றலால் மின்சாரம் பிறந்ததுபோல் அங்கே பெருமளவில் பிறக்கவில்லை. ஆகவே நிலக்கரி தட்டினால் விளக்கு, அடுப்பு, வண்டி, கூலி ஆகிய நான்கும் ஒருங்கே தட்டும்.

அந்த நிலக்கரிதான் தட்டியது. போர்க்காலத்தில் சுரங்கத் தொழிலாளரின் தொகை குறைந்திருந்தது. இயந்திரங்கள் பழுதுபட்டுப் பழமையடைந்திருந்தன. 1947 ஜனவரி 1ஆம் நாள் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. உரிமை கைமாறிய அன்றே உற்பத்தி பெருகிவிடுமா? வழக்கமாகப் பத்துப் பன்னிரண்டு வாரங்களுக்குப் போதுமான கரியைக் குவித்து வைத்திருக்கும் மின்நிலையங்கள், அந்தக் குளிர்காலத்தை நான்கு வாரக் கையிருப்புடன் எதிர்கொண்டன. அபாயம் வரும் என்று அறிந்தோர் முன்கூட்டியே எச்சரித்தனர். எரிபொருள் துறை அமைச்சராயிருந்த இமானுவேல் ஷின்வெல், நெருக்கடி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தமக்கு மட்டும் தெரியவில்லை என்னும் பொருள்பட 1946ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் பேசினார். சுரங்கத் தொழிலாளரின் நலனில் உண்மையான பற்றுள்ளவர் அவர். நல்லெண்ணத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் நல்லெண்ணம் கரிக்குவியலாகிவிடாது. வருமுன் காவாதவன் வீட்டில் வைக்கோற்போரும் தங்காது என்பது நம் உழவர் கண்ட உண்மையன்றோ?

இங்கே நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு சுழற்சி உண்டு. வீடுகளுக்கு நிலக்கரி அளந்து கொடுக்கப்பட்டது, அளவோ போதவில்லை. மக்கள் என்ன செய்தனர்? கடைகளில் விற்ற சிறிய மின்கணப்புகளை வாங்கினர். கரி இல்லாவிட்டால் என்ன, சுவரில் செருகினால் வெப்பம் வருகிறதே என்று எண்ணினர். அந்த வெப்பமும் எங்கோ ஒரு மின்நிலையத்தில் கரியை எரித்தே வருகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. மேலும், கரியை மின்சாரமாக்கி, அம்மின்சாரத்தை மீண்டும் வெப்பமாக்கும்போது பெரும்பகுதி வழியிலேயே வீணாகிறது. அக்கால மின்நிலையங்களில் கரியின் ஆற்றலில் கால்பங்குகூடக் கம்பிக்கு வந்து சேருவது அரிது. ஆக, கரியை மிச்சப்படுத்த வாங்கிய கருவியே கரியை விரைவில் தின்று தீர்த்தது. இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே மாலைப்பொழுதில் அந்தச் செந்நிறக் கம்பி ஒளிர்ந்தபோது மின்நிலையங்கள் பாரம் தாங்காமல் திணறின.

அந்நேரம் பார்த்துப் பனி வந்தது. சுரங்க வாயில்களில் வெட்டிக் குவித்த கரி இருந்தது. ஆனால் இருப்புப்பாதை பனிக்குள் புதைந்து கிடந்தது. வண்டிகளிலிருந்த கரி பாறைபோல் உறைந்துவிட்டது. வடகிழக்குத் துறைமுகங்களிலிருந்து இலண்டன் மின்நிலையங்களுக்குக் கரி சுமந்து செல்லும் கப்பல்கள் புயலாலும் பனியாலும் புறப்பட மாட்டாமல் நின்றன. பிப்ரவரி 7ஆம் நாள், வெள்ளிக்கிழமை, ஷின்வெல் பாராளுமன்றத்தில் எழுந்து செய்தியை வெளியிட்டார். திங்கட்கிழமை, அதாவது 10ஆம் நாள் முதல், இலண்டனும் தென்கிழக்கும், நடுநாடும், வடமேற்கும் ஆகிய பகுதிகளில் ஆலைகளுக்கு மின்சாரம் இல்லை; வீடுகளுக்கு முன் கூறிய ஐந்து மணி நேரம் இல்லை. கேட்டவர் திகைத்தனர். இரண்டு நாளில் ஒரு நாடு தன் வாழ்க்கை முறையை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பின்னர் வீடுகளுக்கான கட்டுப்பாடு மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. ஏறத்தாழ 20 இலட்சம் பேர் வேலையிழந்து வீடு திரும்பினர்.

இனி மீண்டும் அந்த வீட்டுக்குள் செல்வோம். வீட்டுத் தலைவன் ஆலை மூடிவிட்டதால் அடுப்பங்கரையில் அமர்ந்திருக்கிறான். வீட்டில் அறைகள் பல இருந்தும் குடும்பத்தார் அனைவரும் ஒரே அறையில் கூடியிருக்கின்றனர். இருக்கும் ஒரு கூடைக் கரி ஓர் அறைக்குத்தான் காணும். மேலங்கியும் கையுறையும் அணிந்தபடியே உணவு உண்கின்றனர். கதவிடுக்குகளில் பழந்துணி செருகப்பட்டிருக்கிறது. குழாய் நீர் உறைந்து, குழாயே வெடித்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து வாளியில் நீர் வருகிறது. எரிவாயுவின் அழுத்தம் குறைந்து, அடுப்பின் நீலச் சுடர் அகல்விளக்குபோல் சிறுத்துவிட்டது. போர்க்காலத்தில் கற்ற சிக்கன வித்தைகள் மீண்டும் வெளிவருகின்றன. கொதிக்க வைத்த பாத்திரத்தை வைக்கோல் நிறைத்த பெட்டிக்குள் மூடி வைத்தால், அதிலுள்ள சூட்டிலேயே பண்டம் மெல்ல வெந்துவிடும். அதனை வைக்கோற்பெட்டிச் சமையல் என்பர். படுக்கையில் வெந்நீர்ப் புட்டி. படுக்கும் நேரம் வழக்கத்தைவிட முன்னதாக.

தெருவில் இன்னொரு காட்சி. எரிவாயு ஆலையின் வாயிலில் நீண்ட வரிசை. வாயு எடுத்தபின் மிஞ்சும் கற்கரியை அங்கே விலைக்குக் கொடுக்கின்றனர். பெண்களும் சிறுவர்களும் குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் கைவண்டிகளுடன் நிற்கின்றனர்; குழந்தை இருந்த இடத்தில் கரிமூட்டை ஏறி வருகிறது. கடைக்காரர் மெழுகுவத்தியை ஏற்றிவைத்துப் பங்கீட்டுச் சீட்டைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். ஏனெனில் அந்நாட்களில் உணவும் பங்கீட்டில்தான் கிடைத்தது. போர் நடந்தபோதுகூடப் பங்கீடு செய்யப்படாத ரொட்டி 1946 ஜூலை முதல் அளந்து கொடுக்கப்பட்டது. வயலிலோ நிலம் கல்லாகிவிட்டது. சாலையை உடைக்கும் இயந்திரத் துளைக்கருவியைக் கொண்டு கிழங்குகளைத் தோண்டி எடுத்தனர். பனி சூழ்ந்த மலையூர்களுக்கு விமானத்திலிருந்து உணவு மூட்டைகளைப் போட்டனர். பிப்ரவரி 13ஆம் நாள் ஸ்டாபர்ட்ஷையரில் கிரின்டன் என்னும் சிற்றூருக்கு உணவு கொண்டு சென்ற விமானம் மலையில் மோதி, அதிலிருந்த எண்மரும் மாண்டனர். அவ்வூரார் அவர்களை இன்றும் மறவார்.

வானொலி நேயர்களுக்கு விருப்பமான செய்தி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த பி.பி.சி. தொலைக்காட்சி பிப்ரவரி 10 முதல் மார்ச் 11 வரை நிறுத்தி வைக்கப்பட்டது. உயர்ந்த இசைக்கும் இலக்கியத்துக்கும் என்று முந்திய ஆண்டு தொடங்கிய மூன்றாம் நிகழ்ச்சி வானொலியும் சில நாள் மௌனமாயிற்று. வார இதழ்கள் இரண்டு வாரம் வெளிவரவில்லை. மாலையில் மக்கள் என்ன செய்தனர் என்று கேட்பீர்கள். பேசினர், ஒரே சுடரைச் சுற்றி அமர்ந்து ஒருவர் படிக்க மற்றவர் கேட்டனர், கையால் கம்பளி பின்னினர். இதைப் பொற்காலம் என்று நான் கூற மாட்டேன். பசியும் குளிரும் முதியோரையும் நோயாளிகளையும் வாட்டிய காலம் அது. இடரைத் தொலைவிலிருந்து பார்த்து அழகென்று சொல்லுவது இடர்ப்பட்டோருக்கு இழைக்கும் தவறு.

ஆனால் ஒன்றை வியந்து சொல்லத்தான் வேண்டும். வீடுகளை மட்டும் தனியே பிரித்து மின்சாரத்தை நிறுத்துவது எளிதன்று. அதே கம்பியில்தான் மருத்துவமனையும் பிற இன்றியமையாத இடங்களும் இருந்தன. ஆகவே பெரும்பாலான வீடுகளில் தடை நேரத்திலும் கம்பியில் மின்சாரம் இருந்தது. அதைப் பயன்படுத்தலாகாது என்று சட்டம் கூறிற்று; மீறுவது தண்டனைக்குரிய குற்றம் என்பதும் உண்மையே. எனினும் கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எந்தக் காவலர் எட்டிப் பார்க்க முடியும்? திரைச்சீலையை இழுத்துவிட்டு விசையைத் தட்டினால் அறை கதகதப்பாகியிருக்கும். மிகப் பெரும்பாலோர் தட்டவில்லை. அமைச்சரைத் திட்டினர், அரசாங்கத்தைக் கேலி செய்தனர், ஆனால் விசையை அணைத்தே வைத்தனர். மின்நிலையங்களின் கையிருப்பு மெல்ல ஏறியது. பிப்ரவரி 24இல் நடுநாட்டு ஆலைகளுக்கும், மார்ச் 3இல் மற்றப் பகுதிகளுக்கும் மின்சாரம் திரும்பிற்று.

இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம், "ஒருவரும் பார்க்காத இடத்தில் நீ எப்படி நடக்கிறாய் என்பதே உன் குடிமைப் பண்பின் அளவுகோல்" என்று முடிப்பது என் வழக்கம். ஓய்வு பெற்ற மறு ஆண்டே அந்த அளவுகோல் என்மீது வைத்துப் பார்க்கப்பட்டது. நான் தேறவில்லை. அதனையும் கூறிவிடுகிறேன்.

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடந்து, எங்கள் பட்டுக்கோட்டைப் பகுதியைப் புரட்டிப் போட்டது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன; மின்கம்பங்கள் முறிந்து வயல்களில் கிடந்தன. எங்கள் தெருவுக்கு மூன்று வாரத்துக்கு மேல் மின்சாரம் வரவில்லை. தெருவார் கூடிப் பணம் போட்டு ஒரு சிறு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தோம். மாலை இரண்டு மணி நேரம் ஓடும். வீட்டுக்கு இரண்டு விளக்கு, ஒரு கைப்பேசிக்கு மின்னேற்றம், வேறொன்றும் கூடாது என்பது ஏற்பாடு. அந்த ஏற்பாட்டைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நானே. தலைமையாசிரியர் கையெழுத்து அன்றோ!

கார்த்திகை மாதம், விடாத ஈரக்காற்று. எனக்கு முதுகுவலி. ஒருநாள் மாலை, ஒரு வாளித் தண்ணீர் சுட்டுவிட்டால் போதும் என்று எண்ணி, நீரைச் சுடவைக்கும் மின்கம்பியை வாளியில் இட்டு விசையைத் தட்டினேன். விளக்குகள் மங்கின, ஜெனரேட்டர் இருமியது, தெரு முழுவதும் இருண்டது. கம்பியை மெல்ல எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன். வெளியே, "யார் வீட்டிலாவது ஏதாவது போட்டீர்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தனர். நான் வாய் திறக்கவில்லை. எதிர்வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அன்று அவளுக்கு வெளிச்சம் கிடைத்தது ஏறத்தாழ அரைமணி நேரமே. இலண்டன் மாநகரத்து இல்லத்தரசியைப் பற்றி அதே மாணவிக்கு ஒன்பதாம் வகுப்பில் பாடஞ் சொன்னவன் நான்.

மூன்று இரவுகள் உறக்கம் வரவில்லை. நான்காம் நாள் தெருவார் நடுவில் உண்மையைச் சொன்னேன். எவரும் கடிந்துகொள்ளவில்லை; அது எனக்கு இன்னும் கடுமையாக இருந்தது. அந்த மாணவியின் தாயார் மட்டும், "வெந்நீர் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா சார்? விழுந்த தென்னையில மட்டைக்கா பஞ்சம்?" என்றார். மறுநாள் முதல் மின்சாரம் வரும்வரை காலைதோறும் ஒரு குடம் வெந்நீர் எங்கள் வாசலுக்கு வந்தது. 1947இல் மின்கணப்பை வாங்கியவர்களை நான் அதுவரை அறியாதவர் என்றே கருதியிருந்தேன். அவர்கள் அறியாதவர் அல்லர். குளிரால் வாடியவர், தம் ஒருவர் வீட்டுச் சிறு கம்பியால் என்ன வந்துவிடப் போகிறது என்று எண்ணியவர். தடை வந்த பின் விசையை அணைத்தவரும் அதே மக்களே. பழிப்பதற்கு முன் அவர்கள் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதை வாளித் தண்ணீர் எனக்குக் கற்பித்தது.

வரலாற்றுக்குத் திரும்புவோம். இலண்டனில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்த அதே பிப்ரவரியில், 20ஆம் நாள், பிரதமர் அட்லி பாராளுமன்றத்தில் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1948 ஜூன் மாதத்துக்குள் இந்தியாவின் ஆட்சிப் பொறுப்பை இந்தியரிடம் ஒப்படைப்பது என்பதே அது. அதற்கு மறுநாள், கிரீஸ், துருக்கி நாடுகளுக்கு இனி உதவி செய்யத் தங்களால் இயலாது என்று பிரிட்டன் அமெரிக்காவுக்குத் தெரிவித்தது. ஆலைகள் மூடிக் கிடக்க, ஏற்றுமதி நின்றுபோக, கடன் வாங்கிய டாலர் கரைந்துகொண்டிருக்க, பழைய பேரரசின் தோள்கள் பாரம் தாங்கவில்லை என்பதை அந்தப் பனிக்காலம் வெளிச்சம் போட்டுக் காட்டிற்று. இதைக் கொண்டு, "பனி பெய்ததால் இந்தியா விடுதலை பெற்றது" என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்! விடுதலையை ஈட்டித் தந்தவர் நம் நாட்டு மக்கள்; சிறைகளும், சத்தியாக்கிரகங்களும், 1946ஆம் ஆண்டுக் கடற்படையினரின் எழுச்சியும் அதற்குச் சான்று. இந்தியாவைப் பற்றிய முடிவும் குளிருக்கு முன்பே உருவாகி வந்ததுதான். ஆனால் காரணங்கள் பல ஒன்றுகூடும் இடத்தில் ஒரு கூடை நிலக்கரிக்கும் சிறு இடம் உண்டு என்பதை நல்ல மாணவன் மறக்க மாட்டான்.

மார்ச் மாதம் பனி உருகியது. உருகிய நீரும் பெருமழையும் சேர்ந்து பெருவெள்ளமாகி, தேம்ஸ் கரையிலும் கிழக்குத் தாழ்நிலங்களிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் வீடுகளைத் தாக்கியது. இலட்சக்கணக்கான ஆடுகள் மடிந்தன. அக்டோபரில் எரிபொருள் துறை ஷின்வெல்லிடமிருந்து ஹியூ கெய்ட்ஸ்கெல்லிடம் சென்றது. 1948 ஏப்ரல் 1ஆம் நாள் மின்சாரமும் நாட்டுடைமை ஆயிற்று. எனினும் நிலக்கரி முடை மீண்டும் வந்தது. 1974ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆலைகள் வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே மின்சாரம் பெற்ற காலமும் வந்தது. ஒரு தலைமுறை கற்ற பாடத்தை அடுத்த தலைமுறை புதிதாகத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

மாணவர்களே, இரவில் உங்கள் மேசை விளக்கை அணைக்கும்போது ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அந்த விசைக்குப் பின்னால் ஒரு கம்பி. கம்பியின் மறுமுனையில் சுரங்கமோ, அணையோ, காற்றாலையோ. அங்கே உழைக்கும் மனிதர். அதே கம்பியில் உங்களைப் போலவே ஒளி வேண்டி நிற்கும் வேறொரு வீடு. ஆள்வோர் காலத்தில் உண்மையைச் சொல்ல வேண்டும். குடிமக்கள் காவலர் இல்லாத இடத்திலும் ஒழுங்கு காக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் விளக்கு அணையும். முன்னதற்குச் சான்று 1947ஆம் ஆண்டு இலண்டன். பின்னதற்குச் சான்று தேடி நீங்கள் தொலைவு செல்ல வேண்டா. உங்களுடன் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஆசிரியனே போதும்.